குறைந்த மளிகைச் செலவில் வீட்டுக்குச் சத்தான சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் தெரு மகளிர் குழு கூடும்போது, கடன் கணக்கு முடிந்ததும் மளிகைக் கணக்கு தொடங்கிவிடும். எண்ணெய் என்ன விலைக்கு வாங்கினீங்க, பருப்பு ஏறிப்போச்சே என்ன செய்றீங்க, பிள்ளை காயைத் தொடமாட்டேங்குதே என்று ஆளாளுக்குக் கேட்போம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மளிகை, காய், பால், முட்டை, மீன் எல்லாம் சேர்த்து மாதம் எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்கவேண்டிய வீடு எங்களுடையது. நான் சொல்லும் விலைகள் எங்கள் பக்கத்து விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பணம் இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

முதல் மாதம் எதையும் மாற்றவேண்டாம், வாங்குவதை எல்லாம் எழுதுங்கள், போதும். பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதலாம். மளிகைச் சிட்டையில் வருவதோடு, தெருமுனைக் கடையில் பத்தும் இருபதுமாகப் போவதையும் விடாமல் எழுதணும். நான் முதல்முறை எழுதிக் கூட்டியபோது 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்கு 1,400 ரூபாய் போயிருந்தது. பிஸ்கட், சிப்ஸ், பாலில் கலக்கும் பவுடர், சாயங்காலம் வாங்கிவரும் வடை, போண்டா எல்லாம் சேர்ந்து 1,700 ரூபாய். பருப்புக்கும் பயறுக்கும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதம் நாங்கள் வாங்கிய துவரம்பருப்பு 2 கிலோ. ஐந்து பேருக்கு முப்பது நாளைக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு நாளைக்கு 13 கிராம்தான் வருகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் ஓர் உணவு வழிகாட்டி வெளியிட்டது. நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அதில் சொல்லியிருக்கும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, கடலை, எள் மாதிரியானவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

இந்த அளவை அப்படியே எட்ட எங்கள் வருமானம் போதாது. ஆனால் எந்தப் பக்கம் நகரணும் என்பது இதிலேயே தெரிகிறது. நம் தட்டில் சோறு குவியலாகவும் பருப்பு தெளித்த மாதிரியும் இருக்கிறது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து வெஞ்சனத்தில், அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதில், இரண்டு கரண்டியைக் கூட்டணும். அதைக் கூடுதல் காசில்லாமல் செய்வது எப்படி என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

ரேஷன் பொருளை வைத்து எவ்வளவு சமாளிக்கலாம்?

நிறையவே சமாளிக்கலாம். அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய், அதோடு கோதுமை. எங்கள் கார்டுக்கு 20 கிலோ அரிசி வருகிறது. முன்னெல்லாம் அதை மாவு அரைக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்குப் பொன்னி வாங்குவோம். இப்போது மத்தியானச் சோறும் ரேஷன் அரிசிதான். அப்படி மிச்சமான 1,400 ரூபாய்தான் எங்கள் வீட்டு முட்டையும் பயறும் மீனும்.

ரேஷன் அரிசி பிடிக்கவில்லை என்பவர்கள் பலரும் அதை வாங்கியபடியே உலையில் போடுகிறார்கள். நான் முதல்நாளே முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லும் கருப்பும் எடுத்து வைத்துவிடுவேன். காலையில் இரண்டு தண்ணீர் களைந்து, முக்கால் மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கிற உலையில் நிறையத் தண்ணீரோடு போட்டு வடிப்பேன். பழைய அரிசி வாடை போய், சோறு பொலபொலவென்று வரும். வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றாதீர்கள். பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைந்து அதில்தான் இறங்கியிருக்கும். கஞ்சியில் உப்பும் கொஞ்சம் மோரும் சேர்த்துக் குடிக்கலாம், ரசத்துக்கும் ஊற்றலாம். ஐந்தாறு தடவை கசக்கிக் களைவதையும் விட்டுவிடுங்கள். சத்தும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறதாமே? தண்ணீரில் மிதக்கிறது, நிறமும் வேறாக இருக்கிறது.

அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி மாதிரியே அச்சு எடுத்து, 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலக்கிறார்கள். சிலர் உட்கார்ந்து அந்த மணிகளை மட்டும் பொறுக்கி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. எறியாதீர்கள். வீட்டில் தலசீமியா, சிக்கில் செல் போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பருப்பு விலை ஏறிக்கொண்டே போகிறது. புரதத்துக்கு என்ன செய்வது?

சாம்பார் என்றால் துவரம்பருப்பு என்ற பழக்கத்தை முதலில் தளர்த்தவேண்டும். நம் அம்மாக்கள் வீட்டில் வாரம் முழுக்கத் துவரையா வெந்தது? தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு என்று மாறி மாறி வரும். இப்போது நான் மாதம் வாங்குவது துவரை 2 கிலோ (ஒரு கிலோ ரேஷனில்), பாசிப்பயறு 1 கிலோ, தட்டைப்பயறு 1 கிலோ, கொள்ளு 1 கிலோ, கருப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ. மொத்தம் 6 கிலோ. 13 கிராம் 40 கிராமாக ஏறிவிட்டது. 100 கிராம் துவரம்பருப்பில் 21, 22 கிராம் புரதம் என்றால், கொள்ளிலும் தட்டைப்பயறிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது. கொள்ளு பெரும்பாலும் துவரையைவிட மலிவாகவே கிடைக்கும்.

கொள்ளு வாடைக்குப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரி ஊறப்போட்டு, குக்கரில் ஆறேழு விசில் விடுவேன். வெந்த தண்ணீரைத் தனியே இறுத்து மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைப்பேன். வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், புளி வைத்து அம்மியில் துவையல். ஒரே வேகலில் ரசமும் துவையலும் ஆகிவிடும். இப்போது ரசத்தைப் பிள்ளைகளே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

சோயா உருண்டையை மறக்கவேண்டாம். அதன் எடையில் பாதி புரதம். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மறுபடி அலசிப் பிழிந்தால் வாடை போய்விடும். காரக்குழம்பில் போடுங்கள். நிலக்கடலையை ஒரு கைப்பிடி, 30 கிராம் அளவுக்கு அவித்துக் கொடுத்தால் 7 கிராம் புரதம். கடலை வாங்கும்போது பூஞ்சை பிடித்தது, சுருங்கிக் கறுத்தது, வாயில் போட்டால் கசப்பது எதுவும் வேண்டாம். கடலைப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சேர்ந்துவிட்டால் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

பருப்பையும் அரிசியையும் சேர்த்துச் சாப்பிடுவது ஏழையின் கட்டாயம் என்று சிலர் பேசுகிறார்கள். அரிசிப் புரதத்தில் குறைவாக இருப்பது பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இட்லியும் பொங்கலும் பருப்புச் சோறும் நன்றாக யோசித்து வைத்த சாப்பாடுதான்.

முட்டை, மீன், கறி எல்லாம் நமக்குக் கட்டுமா?

முட்டை கட்டும். ஆறேழு ரூபாய்க்கு 6 கிராம் புரதம், பி12, வைட்டமின் ஏ எல்லாம் ஒரே ஓட்டுக்குள் கிடைக்கிறது. உரித்த கையோடு சாப்பிடலாம். வெள்ளை முட்டையில் சத்தில்லை, நாட்டு முட்டைதான் சத்து என்று இரண்டு மடங்கு விலை கொடுக்கவேண்டாம். வித்தியாசம் கொஞ்சம்தான். புரட்டாசியில் பலரும் கவுச்சியை விடுவதால் முட்டையும் கோழியும் விலை இறங்கும். விரதம் இல்லாத வீட்டுக்கு அது நல்ல மாதம்.

மீனில் விலை கூடியதுதான் சத்து என்று ஒன்றும் இல்லை. வஞ்சிரம் வாங்கும் காசில் மூன்று நான்கு மடங்கு சாளை வரும். வடக்கே இதை மத்தி என்பார்கள். நல்ல கொழுப்பும் புரதமும் அதில் நிறைய இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் கூடவே வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் முட்டையும் கருவாடும்தான். கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசி உப்பை இறக்கிவிட்டு, கத்திரிக்காய், மொச்சையோடு போட்டால் கால் கிலோ இரண்டு குழம்புக்கு வரும். கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் தனியாக உப்புப் போடுவதற்கு முன் வாயில் வைத்துப் பாருங்கள்.

ஆட்டுக்கறி எங்களுக்குத் தீபாவளி, பொங்கலுக்குத்தான். ஆனால் கோழி ஈரல் கறியைவிட மலிவு, இரும்புச்சத்தும் நிறைய. மிளகு போட்டு வறுத்தால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

காய்கறி எங்கே, எப்போது வாங்கினால் மிச்சம்?

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கேதான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14ஆம் தேதி எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். விவசாயியே நேராக வந்து விற்பார், இடையில் தரகு கிடையாது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். நான் உள்ளே போனதும் முதலில் பலகையைப் படிப்பேன். எது மலிவோ அதுதான் அந்த வாரத்துச் சமையல். என்ன சமைப்பது என்று முடிவு பண்ணிவிட்டுக் காய் வாங்கப் போனால் காசு கூடுதலாகத்தான் போகும்.

விடியற்காலையில் போனால் நல்ல காய். கடை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கியிருக்கும், ஆனால் கீரை வாடியிருக்கும். நான் வெண்டை, கீரை, தக்காளி வாங்க முன்னாலேயும், பூசணி, சுரை, சேனை மாதிரி வாடாத காய்களுக்குப் பின்னாலேயும் போவேன். எங்கும் எந்தக் காலத்திலும் ஓரளவு மலிவாக இருப்பவை சுரை, பூசணி, பீர்க்கு, முள்ளங்கி, சீனியவரை (கொத்தவரங்காய்), வாழைப்பூ, வாழைத்தண்டு. இவற்றை வாங்கப் பலருக்குக் கௌரவம் இடிக்கிறது. சுரைக்காயைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்து, மேலே கடுகும் கருவேப்பிலையும் தாளித்துப் போட்டால் எந்தக் காய்க்கும் அது இளைத்ததில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் எகிறும். தக்காளி நம் சமையலுக்கு ரொம்பப் பின்னால் வந்தது. அதற்கு முன்னாலேயே புளியை வைத்துக் குழம்பும் ரசமும் வைத்தவர்கள் நாம். சித்திரையில் மாங்காய் மலிவாக இருக்கும்போது கீறி உப்புப் போட்டுக் காயவைத்த வத்தல் எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்கக் கைகொடுக்கும்.

கீரை தினமும் வேண்டுமா? ஆய்வதற்கே ஒரு மணி நேரம் ஆகிறதே.

தினமும் என்றால் நல்லது, வாரம் நாலு நாளாவது வேண்டும். இருக்கும் காசுக்குக் கீரையைப் போலச் சத்து தருவது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. முருங்கைக்கீரை காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருளே இல்லை. தெருவில் யார் வீட்டிலாவது மரம் இருக்கும், கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. 100 மில்லி பாலில் இருப்பதோ சுமார் 120 மில்லிகிராம்.

உருவுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ராத்திரி கொத்தை அப்படியே ஒரு பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் துணியைப் பிரித்து இரண்டு உதறு உதறினால் இலைகள் தானாகக் கொட்டும். ஈர்க்கும் பழுத்த இலையும் எடுத்தால் போதும், பத்து நிமிஷ வேலை. எண்ணெயில் வெங்காயம் வதக்கி, கீரையைப் போட்டுப் பிரட்டி, பாதி வெந்ததும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். கீரையைத் தொடாத என் சின்னவன் இதற்கு மட்டும் தட்டை நீட்டுவான். தண்டுக்கீரையில் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது சாம்பாருக்கு.

கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டணும் என்றால் அந்த வேளை சாப்பாட்டில் வைட்டமின் சி இருக்கவேண்டும். எலுமிச்சம்பழம் பிழியலாம், நெல்லிக்காய்த் துவையல் அரைக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

சிறுதானியம் வாங்கினால்தான் ஆரோக்கியமா?

2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அதன்பின் தினை, சாமை, குதிரைவாலி எல்லாம் அழகான பாக்கெட்டில் ஏறி அரிசியைவிட இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போய்விட்டன. அதை வாங்க முடியவில்லையே என்று வருந்தவேண்டாம். கேப்பையும் (கேழ்வரகு) கம்பும் போதும். கேப்பையில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. மாவாக வாங்காமல் முழுதாக வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்தால் விலையும் குறைவு, கலப்படமும் இருக்காது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் ரேஷனிலேயே அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேப்பை கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே இருப்பவர்கள் விடாமல் வாங்குங்கள்.

எந்த எண்ணெய்? செக்கு எண்ணெய்க்கு மாறணுமா?

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பது முக்கியம். ஐந்து பேருக்கு மாதம் 3 லிட்டரைத் தாண்டாமல் பார்க்கிறேன். கேனைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றியதில்தான் பெரிய மிச்சம். பாமாயிலில் பாதிக்குப் பாதி நிறைகொழுப்பு. அதனால் ரேஷன் பாமாயில் ஒரு லிட்டரை மாதம் முழுக்கத் தாளிப்புக்குப் பரத்திக்கொண்டு, மற்றதற்குக் கடலை எண்ணெய் வாங்குகிறேன். செக்கு எண்ணெய் வாசமாக இருக்கும், கையில் காசு இருந்தால் வாங்கலாம். ஆனால் அதற்காகப் பயறையோ முட்டையையோ குறைக்கவேண்டாம். வடை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

பால் எந்தப் பாக்கெட் வாங்குவது?

நீலப் பாக்கெட் போதும். ஆவினில் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5 சதவீதம், புரதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மிச்சமாகும் காசில் முட்டை வாங்கலாம். பாலை டீயில் கரைப்பதைவிடத் தயிராக உறையூற்றினால் ஐந்து பேருக்கும் பங்கு வரும்.

பிள்ளைகளுக்குச் சத்து பவுடர் கொடுக்கவில்லை என்றால் வளர்த்தி குறையுமா?

குறையாது. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இரண்டு வருஷம் நானும் வாங்கிக் கொடுத்தேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பங்கு சீனியும் மாவும்தான். ஒரு வேளைக்குப் போடும் இரண்டு ஸ்பூனில் வருவது இரண்டு மூன்று கிராம் புரதம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. ஒரு டப்பா காசில் 40 முட்டை வாங்கலாம்.

நான் வீட்டில் செய்வது: கேப்பை 1 கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, பொரிகடலை கால் கிலோ, நிலக்கடலை கால் கிலோ, நாலு ஏலக்காய். கேப்பையை முளைகட்டிக் காயவைத்து, மற்றதைத் தனித்தனியாக வறுத்து, மில்லில் அரைத்தால் ஒரு மாதத்துக்கு வரும். கருப்பட்டி கொஞ்சமாகப் போட்டுக் காய்ச்சிக் கொடுங்கள்.

பிஸ்கட்டை ஒரேயடியாக நிறுத்த முயன்று நான் தோற்றேன். அப்புறம் வேறு வழி பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுப்பில் சூடாக ஏதாவது இருக்கும். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் அவித்த சீனிக்கிழங்கு, ஒரு நாள் கடலை, ஒரு நாள் கேப்பை அடை. பசியோடு வரும் பிள்ளை கைக்கு முதலில் எட்டுவதைத்தான் சாப்பிடும்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை நம்பலாமா?

நம்புங்கள், கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டோடு முட்டை கொடுக்கிறார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் அங்கன்வாடி சத்துமாவை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை, அது நம் பிள்ளைகளின் பங்கு.

இட்லி மாவு பாக்கெட் வாங்குவது மிச்சமா, வீட்டில் அரைப்பதா?

ரேஷன் புழுங்கல் அரிசி ஒரு கிலோ, தோலோடு கருப்பு உளுந்து கால் கிலோ, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்கு 35 ரூபாய், கரண்டுக்குக் கொஞ்சம். 3 கிலோ மாவு கிடைக்கும். பாக்கெட்டில் ஒரு கிலோவே அந்த விலையைத் தாண்டும். அதில் எவ்வளவு உளுந்து என்பதும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் அரைத்தால் புதன்வரை வரும். சட்னிக்குத் தேங்காயைப் பாதியாக்கி வறுத்த கடலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழம்?

ஆப்பிள் வேண்டாம். கொய்யா, பப்பாளி, நாட்டு வாழைப்பழம், நெல்லிக்காய். ஒரு கொய்யாவில் ஆரஞ்சைவிட அதிக வைட்டமின் சி இருக்கிறது. காய்ச்சல் வந்தவரைப் பார்க்கப் போகும்போதும் கொய்யா வாங்கிப் போகலாம்.

மாமியாருக்குச் சர்க்கரை. தனிச் சமையல் வைக்கக் கட்டுமா?

தனிச் சமையல் வேண்டாம், தட்டை மட்டும் மாற்றினால் போதும். அத்தைக்கு முதலில் காயும் கீரையும் பாதித் தட்டு வைப்பேன், அப்புறம் பயறு, கடைசியில் ஒரு கப் சோறு. கேப்பை என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்துக் கூழாகக் கரைத்துக் குடிக்கிறார்கள். அதுவும் மாவுச்சத்துதான், கூழாகக் குடித்தால் வேகமாக ஏறும். அடையாகவோ களியாகவோ அளவோடு, கீரையோடு சாப்பிடச் சொல்லுங்கள். மாத்திரையை டாக்டர் சொன்னபடிதான் எடுக்கணும். சாப்பாட்டை மாற்றும்போது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாருக்கும் போட்டது போக எனக்குக் குழம்பு மிச்சமிருப்பதில்லை. நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, கூட்டம் கலைந்தபின் வாசலில் நின்று மெதுவாகக் கேட்பார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பண்டம் இல்லாதது மட்டும் அதற்குக் காரணமில்லை. கடைசியில் உட்காருகிறவள் அடிச்சட்டிச் சோற்றையும் ரசத்தையும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள்.

எனக்கும் மயக்கம் வந்து ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8 என்றார்கள். அதற்குப்பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பரிமாறுவதற்கு முன்பே ஐந்து கிண்ணத்தில் வெஞ்சனத்தைப் பிரித்து வைத்துவிடுவேன். முட்டை வேகவைத்தால் ஐந்து. நாலு முட்டைதான் இருக்கிறது என்றால் உடைத்து ஊற்றிப் பொடிமாஸ் செய்து ஐந்தாகப் பிரிப்பேன், முழுசாக அவிக்கமாட்டேன். முதல் வாரம் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நான் தையலில் உட்கார்ந்து மறந்துபோன ஒரு நாளில் அவரே என் கிண்ணத்தை மூடி எடுத்து வைத்திருந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் ராத்திரி சாப்பிட்டபின் போட்டுப் பாருங்கள்.

பழைய சோறு சாப்பிடலாமா?

தாராளமாக. வடித்த சோறு மிஞ்சினால் ஆறியதும் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் காலத்தில் மத்தியானம்வரை வைக்காதீர்கள். மோர், சின்ன வெங்காயம், அதோடு துவையலோ பயறோ ஏதாவது ஒன்று. வெறும் ஊறுகாயோடு மட்டும் என்றால் வயிறுதான் நிறையும்.

மாதக் கடைசி ஐந்து நாள் எப்படி ஓட்டுகிறீர்கள்?

மாத ஆரம்பத்திலேயே அதற்கென்று ஒரு தூக்குவாளியை ஒதுக்கி வைத்துவிடுவேன். அரைக்கிலோ தட்டைப்பயறு, கால் கிலோ சோயா உருண்டை, அரைக்கிலோ கடலை, ஒரு கிலோ கேப்பை மாவு, கொஞ்சம் மாவத்தல் (மாங்காய் வத்தல்), ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. 25ஆம் தேதிவரை யாரும் அதைத் திறக்கக்கூடாது. 26ஆம் தேதி தட்டைப்பயறும் மாவத்தலும் போட்ட புளிக்குழம்பு. மறுநாள் சோயா வறுவலும் ரசமும். 28 கேப்பை அடையும் கடலைச் சட்னியும், மத்தியானத்துக்கு முருங்கைக்கீரைச் சாம்பார். 29 கருவாட்டுக் குழம்பு, மறுநாள் காலையில் அதே குழம்போடு பழைய சோறு. 30ஆம் தேதி சாயங்காலம் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். சம்பளம் வந்த அன்றைக்கு முதலில் நிரப்புவதும் அந்த வாளியைத்தான்.